நெருங்கினால் விழிக்கும் லேப்டாப்: தேறியதும் தேறாததும்

லேப்டாப்பின் முன்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சாருக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டிருக்கின்றன. ஆள் எழுந்து போனால் திரையை அணைத்துப் பூட்ட வேண்டும். ஆள் திரும்பி வந்தால் உறங்கும் கணினியை எழுப்ப வேண்டும். விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒரே வசதியாகவே காட்டுகின்றன. மதிப்புரைகளும் பெரும்பாலும் அதை அப்படியே ஏற்று, மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. என் கணிப்பில் இவை இரண்டும் வெவ்வேறு தரத்தவை. பூட்டுவது பாதுகாப்பு, எழுப்புவது உபசாரம். பாதுகாப்புக்குக் கொஞ்சம் தொல்லை தரும் உரிமை உண்டு, உபசாரத்துக்குக் கிடையாது. இந்த ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். மீதிப் பாதி, இதைக் கட்டுப்படுத்தும் பொத்தான்களை எங்கெங்கே சிதற விட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் வரலாற்றில் ஓர் இடத்தைச் சுட்டிவிடலாம். 1990களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகம் செய்த ஆக்டிவ் பேட்ஜ், அகச்சிவப்புக் குறியை ஏறத்தாழ 15 நொடிக்கு ஒருமுறை உமிழ்ந்தது. அணிந்தவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று சொன்னது. 2017இல் விண்டோஸ் 10இன் ஒரு அப்டேட்டில் வந்த டைனமிக் லாக், புளூடூத்தில் இணைந்த போன் தொலைவுக்குப் போனால் கணினியைப் பூட்டியது. இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: உடம்பை ஊகிக்காமல், ஆளோடு கூடவே போகும் ஒரு பொருளைத்தான் பின்தொடர்ந்தன. டைனமிக் லாக்கில் இன்னொரு நிதானமும் இருந்தது. அது பூட்டும், திறக்காது, எழுப்பாது. போன் அருகில் வந்துவிட்டது என்பதற்காக ஆள் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அது முடிவு கட்டவில்லை. தாமதமாகப் பூட்டும், போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனால் பூட்டவே பூட்டாது என்ற குறைகளோடும், அந்த ஒருவழிப் பாதையை நான் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன்.

2019 ஜனவரியில் டெல் தன் லேட்டிட்யூட் 7400 டூ-இன்-ஒன் மாடலை அறிவித்தபோது அந்த நிதானம் போய்விட்டது. இன்டெலின் தொழில்நுட்பத்தோடு அருகாமை சென்சார் பொருத்திய உலகின் முதல் கணினி என்றார்கள். நெருங்கினால் எழும், முகத்தைப் பார்த்து உள்ளே விடும், விலகினால் பூட்டிக்கொள்ளும். எச்பியும் லெனோவாவும் தத்தம் பெயர்களில் தொடர்ந்தன. 2022இல் வந்த விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பு, அதுவரை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டிருந்த இந்த வசதியைச் செட்டிங்ஸுக்குள்ளேயே கொண்டுவந்தது; 2023இல் பார்வை விலகினால் திரையை மங்கச் செய்யும் மூன்றாவது வசதியும் சேர்ந்தது. துறையைப் பொறுத்தவரை இது நல்ல நகர்வு. ஒரு சென்சாருக்கு ஒரு பொது இலக்கணம் கிடைத்தது. அந்த இலக்கணம் முழுதாக அமலானதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

சென்சாரின் முறைமையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குறையின் வேர் அங்கேதான். பெருவழக்கான வகை, ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் துடிப்பு வெளியே போகிறது. எதிரே உள்ளதில் பட்டுத் திரும்பிய ஒளித்துகள்களை ஒரு சில்லு எண்ணுகிறது. திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஒளி போய் வர ஏறக்குறைய நான்கு நானோநொடி. அதை அளந்து தொலைவாக மாற்றும் ஒரு சில்லு நகக்கண் அளவுகூட இல்லை. பொறியியல் சாதனை என்ற வகையில் இதற்கு முழு மதிப்பெண் போடலாம். கண்ணுக்குத் தீங்கில்லாத முதல் வகுப்பு லேசர், சொற்ப மின்சாரம், படம் எடுக்காத கண்.

இந்த வகையில் பரவலாகத் தெரிந்த எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸின் விஎல்53எல்1எக்ஸ் சில்லின் தரவுத்தாளைப் பாருங்கள். நெடுந்தொலைவு முறையில் இருட்டில் 360 செ.மீ. வரை பார்க்கும் அது, பலத்த வெளிச்சத்தில் 73 செ.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது. குறுந்தொலைவு முறையிலோ இருட்டில் 136, வெளிச்சத்தில் 135, அசைவே இல்லை. ஆக, தூரமாகப் பார்க்க ஆசைப்பட்டால் நிலைத்தன்மையை இழக்க வேண்டும். பூட்டுவதற்குக் கிட்டப் பார்வையே போதும்: கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதுதான் கேள்வி. எழுப்புவதற்கோ ஆள் வந்து சேர்வதற்குள் திரை ஒளிர வேண்டும், அதனால் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கண்ணிடம் இரண்டு வேலைகளும் இரண்டு திறன்களைக் கேட்கின்றன, அதில் எழுப்பும் வேலை கேட்கும் திறன்தான் வெளிச்சத்தில் முதலில் கெட்டுப்போவது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்றுண்டு. இந்தச் சென்சாருக்குத் தொலைவு தெரியும், ஆள் தெரியாது. மேசைக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன நாற்காலியின் முதுகும் அதற்கு ஒரு பரப்புதான். உட்கார்ந்திருப்பவரின் மெல்லிய அசைவைக் கொண்டு மனிதரையும் மரச்சாமானையும் பிரிக்க மென்பொருள் முயல்கிறது, நன்றாகவே முயல்கிறது. ஆனால் மின்விசிறிக் காற்றில் ஆடும் திரைச்சீலையும் அசைகிறது, நாற்காலியில் மாட்டிய சட்டையும் அசைகிறது. பூட்டும் வேலையில் இந்த மயக்கத்தின் விலை, கணினி பூட்டாமல் கிடப்பது. அதற்குக் காவலாகப் பழைய நேரக்கணக்குப் பூட்டு பின்னால் நிற்கிறது. எழுப்பும் வேலையில் அப்படிப் பின்னால் நிற்பது எதுவும் இல்லை. தவறாக எழுந்தால் எழுந்ததுதான்.

கேமரா வழி போனவர்கள் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தார்கள். 2022ஆம் ஆண்டின் திங்க்பேட் எக்ஸ்1 வரிசையில் லெனோவா, லாட்டிஸ் நிறுவனத்தின் குறைமின் சில்லைக் கொண்டு, பிரதான ப்ராசஸரைத் தொடாமலேயே ஆளைக் கண்டறியும் ஏற்பாட்டைச் செய்தது. நாற்காலியும் மனிதரும் இங்கே குழம்புவதில்லை. ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கேமராவின் மூடியைத் தள்ளி மூடினால் ஆளறியும் கண்ணும் சேர்ந்து மூடிவிடும். அந்தரங்கத்துக்காக மூடியை நகர்த்துபவருக்குப் பூட்டும் பாதுகாப்பும் போய்விடுகிறது. யார் பாதுகாப்பில் அதிகம் அக்கறை உள்ளவரோ அவருக்கே அது கிடைக்காமல் போகிறது. படங்களைச் சேமிப்பதில்லை, எல்லாம் சாதனத்துக்குள்ளேயே முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்கிறது. அதை நம்ப மறுக்க எனக்குக் காரணம் இல்லை. எனினும் எப்போதும் விழித்திருக்கும் கேமராவுக்கு ஒரு வாக்குறுதி தேவைப்படுகிறது, தொலைவளக்கும் சென்சாருக்கு அது தேவையே இல்லை என்ற வித்தியாசம் சிறியதல்ல. மூன்றாவது வழியான ரேடாரைப் பற்றி ஒரு வரி போதும்: கூகிள் பிக்சல் 4 போனில் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்தது, அந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் 2019இல் அந்த போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

இனி எழுப்பும் சங்கிலிக்கு வருவோம். பழைய எஸ்3 வகை உறக்கத்தில் ப்ராசஸருக்கு மின்சாரமே இல்லை. அங்கே இந்த வசதிக்கு இடமில்லை. நெருங்கினால் எழுவது மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற அரை உறக்கத்தைச் சார்ந்தது. திரை இருண்டிருக்கும், கணினி முழுதாக அணைந்திருக்காது, சென்சார்களுக்கென உள்ள தனிச் சிறுபகுதி காவல் காக்கும். சென்சார் ஆள் வந்ததாகச் சொன்னதும் திரை ஒளிர்கிறது. பிறகு விண்டோஸ் ஹலோவின் கேமரா முகத்தைத் தேடுகிறது. முகம் பொருந்தினால் உள்ளே விடுகிறது. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்சார் யாரையும் உள்ளே விடுவதில்லை. எழுப்புவதும் அடையாளம் காண்பதும் வெவ்வேறு கட்டங்களாகவே இருக்கின்றன, அந்தப் பிரிவினை சரியானது. வழிப்போக்கர் எழுப்பலாம், ஆனால் நுழைய முடியாது.

ஆனால் சங்கிலியின் இரண்டு கண்ணிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2025 ஏப்ரலின் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11இல் முகம் காட்டி நுழைய, அகச்சிவப்புக் கேமரா மட்டும் போதாது. சாதாரண வண்ணக் கேமராவுக்கும் முகம் தெரிந்தாக வேண்டும். அதாவது இருட்டில் முகநுழைவு நடக்காது. தொலைவளக்கும் சென்சாரோ இருட்டில்தான் மிகத் தூரம் பார்க்கிறது. எழுப்பும் கண் கூர்மையாக இருக்கும் வேளையில் அடையாளம் காணும் கண் மூடியிருக்கிறது. அடையாளம் காணும் கண் நன்றாக விழித்திருக்கும் ஜன்னலோர வெயிலில் எழுப்பும் கண் கூசுகிறது. பாதுகாப்புக்காகச் செய்த அந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பகுதிகளையும் இரண்டு அணிகள் தனித்தனியே செப்பனிட்டிருக்கின்றன, முழுமையைப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதற்குச் சோதனைக்கு வந்த ஒரு கணினியை வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். மேசைமேல் மூடி திறந்தபடி உறங்கவிட்டு, அறை விளக்கை அணைத்தாகிவிட்டது. தண்ணீர் குடிக்க ஒருவர் மேசையைத் தாண்டிப் போகிறார். திரை பளீரென்று எரிகிறது. மேல் விளிம்பில் அகச்சிவப்பு விளக்கு மங்கிய சிவப்பாகத் துடிக்கிறது. தேடுகிறேன் என்ற வாசகம் வருகிறது, பின் எண்குறியைக் கேட்கிறது. கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கூடத்துக்கு வெளிச்சம் போட்டுவிட்டு அணைகிறது. தண்ணீர் குடித்தவர் திரும்பி வருகிறார், மறுபடியும் அதே கூத்து. மூடியைச் சாத்தியிருந்தால் இது நடந்திராது என்பார்கள். உண்மைதான். ஆனால் மூடி திறந்திருக்கும்போது மட்டுமே பயன்படும் ஒரு வசதியின் தொல்லைக்கு மூடியைச் சாத்துவது மருந்தாகாது.

பகலில் விஷயம் இன்னும் நுட்பமானது. முகம் பொருந்தினால் பூட்டுத்திரையைத் தானே விலக்கிக்கொள் என்று ஹலோவில் ஒரு தெரிவு உண்டு. அதையும் எழுப்பும் வசதியையும் சேர்த்து வைத்திருப்பவர், விருந்தாளியோடு பேசிக்கொண்டே மேசையிலிருந்து பேனாவை எடுக்கக் குனிகிறார் என்று கொள்ளுங்கள். கணினி எழுந்து, முகத்தைப் பார்த்து, அவர் விட்டுப்போன மின்னஞ்சலை விருந்தாளியின் கண்முன் விரித்துவைக்கும். எந்தக் கண்ணியும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் சொன்னதைச் செய்தது. மேசையை நெருங்குவதும் கணினியைப் பயன்படுத்த எண்ணுவதும் ஒன்றே என்ற அனுமானம்தான் பழுது. விசைப்பலகையில் ஒரு விசையைத் தொடுவது விருப்பத்தின் சாட்சி. அருகில் நிற்பது எதற்கும் சாட்சியல்ல.

அந்த அனுமானத்துக்கு ஈடாகக் கிடைக்கும் லாபம் என்ன? ஒரு விசையைத் தட்டும் சிரமம் மிச்சம். பவர் பொத்தானிலேயே கைரேகை வாசிப்பான் உள்ள லேப்டாப்புகள் பல வருடங்களாகக் கிடைக்கின்றன. ஒரே அழுத்தத்தில் எழுகிறது, அடையாளமும் முடிகிறது, விருப்பமும் பதிவாகிறது. அந்தத் தீர்வின் முன் நெருங்கினால் எழுவது தோற்றுத்தான் போகிறது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. விரல்களை எளிதில் இயக்க முடியாதவருக்கும், கையுறையோடு வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தாருக்கும், சுவரைப் பார்த்த மேசையில் தனியாக, நல்ல வெளிச்சத்தில் உட்காருபவருக்கும் இது உண்மையான உதவி. முதலிரு தரப்புக்கு அது வெறும் உபசாரமாகக்கூட இல்லை, தேவை. எனவே வசதியே கூடாது என்பது என் வாதமல்ல. கேட்பவருக்குக் கிடைக்கட்டும், கேளாதவருக்கு முன்கூட்டியே இயக்கிவைத்துத் தரக் கூடாது.

கேளாதவர் அதை எப்படி நிறுத்துவது என்பதில்தான் இந்த ஏற்பாடு மிக மோசமாக நடந்துகொள்கிறது. சென்சாரின் மேல் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அண்ட் பேட்டரி, அதற்குள் திரையும் உறக்கமும் பற்றிய பகுதியில் மூன்று தெரிவுகளும் தனித்தனியே இருக்கின்றன. விலகினால் அணை, நெருங்கினால் எழுப்பு, பார்வை விலகினால் மங்கு. சென்சார் இடம் கொடுத்தால் தொலைவையும் தெரிவு செய்யலாம். தனித்தனியே நிறுத்த முடிகிறது என்பதும், வெளி மானிட்டர் இணைந்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதும் நல்ல வடிவமைப்பின் அடையாளங்கள். லேப்டாப்பை ஓரமாக வைத்துப் பெரிய மானிட்டரைப் பார்த்து வேலை செய்பவரை ஓரக்கண்ணால் பார்க்கும் சென்சார், எதிரே ஆளே இல்லை என்று முடிவுகட்டும் வாய்ப்பு உண்டு அல்லவா. அதை யோசித்தவர் யாரோ, அவருக்குப் பாராட்டு.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. டெல்லில் ஆப்டிமைசர், லெனோவாவில் வான்டேஜ் என்று நிறுவனங்களின் சொந்தச் செயலிகளும் அதே சென்சாருக்குத் தம் பெயரில் பொத்தான் வைத்திருக்கின்றன. அதற்கும் கீழே, சில மாடல்களில் பயாஸிலேயே சென்சாரை நிறுத்தும் தெரிவு இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் சென்சார்கள் என்ற தலைப்பின் கீழ் அதன் டிரைவரை முடக்குவது இன்னொரு வழி. தனியாக, எந்தச் செயலி ஆள் இருப்பை அறியலாம் என்பதற்கு அந்தரங்கப் பிரிவில் வேறொரு பக்கம். விண்டோஸில் நிறுத்திய பிறகும் கணினி எழுந்தால், நிறுவனச் செயலி எழுப்பியதா என்று சாதாரணப் பயனருக்குத் தெரிய வழியில்லை. பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ முடக்கினால் எழுப்புவது நிற்கும், கூடவே பூட்டுவதும் போய்விடும். மேல்தட்டில் நுணுக்கம் இருக்கிறது, அதிகாரம் இல்லை. கீழ்த்தட்டில் அதிகாரம் இருக்கிறது, நுணுக்கம் இல்லை.

எழுப்பியது யார் என்று கண்டுபிடிக்கும் கருவிகளின் நிலை இதைவிடச் சுமார். பழைய பழக்கத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு லாஸ்ட்வேக் சேர்த்துக் கேட்டால், மாடர்ன் ஸ்டாண்ட்பை கணினிகளில் பெரும்பாலும் எழுந்த வரலாறு பூஜ்ஜியம் என்றே பதில் வரும். அதே கட்டளையோடு ஸ்லீப்ஸ்டடி சேர்த்தால்தான் ஒவ்வொரு உறக்கமும் எப்போது தொடங்கியது, எவ்வளவு பேட்டரி தின்றது, எதனால் முடிந்தது என்ற அறிக்கை கிடைக்கும். ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் வகையில் 506 உறங்கியதையும் 507 எழுந்ததையும் குறிக்கும். இவை நல்ல கருவிகள், ஆனால் பொறியாளருக்கான கருவிகள். எழுந்த திரையின் மூலையிலேயே, நெருங்கியதால் எழுந்தேன், இது வேண்டாமா என்று ஒரு வரி காட்டியிருந்தால் இத்தனை துப்பறிதல் தேவைப்பட்டிராது. கேட்காமல் எழுந்துகொள்ளும் எந்தக் கருவியும் எழுந்த காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டது. இந்த வசதி பிறந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்த ஒரு வரி வரவில்லை என்பதை நான் பெருங்குறையாகவே எழுதுகிறேன்.

நிறுவனங்களுக்கு நிலைமை பரவாயில்லை. குழுக் கொள்கைகளில் மனித இருப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பூட்டுவது, எழுப்புவது, பூட்டும் நேரம், வெளி மானிட்டர் விதி என ஒவ்வொன்றையும் அலுவலகம் முழுமைக்கும் கட்டாயமாக்கலாம், அல்லது கட்டாயமாக நிறுத்தலாம். தெளிவான, ஒத்திசைவுள்ள ஏற்பாடு. ஆயிரம் கணினிகளை ஆள்பவருக்குக் கிடைத்த தெளிவு ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு ஏன் கிடைக்கவில்லை? ஹோம் பதிப்பில் அந்தக் கொள்கைத் திருத்தியே கிடையாது.

தீர்ப்புக்கு வருகிறேன். சென்சார் என்ற பொருளுக்கு உயர்ந்த மதிப்பு. விலகினால் பூட்டும் பயன்பாடு தேறுகிறது. பிழைகள் இருந்தாலும் அவை பொறுத்துக்கொள்ளக்கூடிய பக்கமாகவே சாய்கின்றன, பொது இடத்தில் லேப்டாப்போடு உட்காருபவர் அதை நிறுத்திவைக்கக் காரணமே இல்லை. பார்வை விலகினால் மங்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். நெருங்கினால் எழுப்புவது, எல்லாருக்குமான இயல்புநிலை என்ற அளவில் தேறவில்லை. கட்டுப்பாட்டு ஏற்பாடு முழுத்தோல்வி.

உங்கள் லேப்டாப்பில் இந்தச் சென்சார் இருந்தால் முதலில் நிறுவனச் செயலியைத் திறந்து அங்கே எழுப்பும் தெரிவை நிறுத்துங்கள், பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுத்துங்கள்; பூட்டும் தெரிவை இரண்டிலும் தொடாதீர்கள். அதன் பிறகும் நள்ளிரவில் திரை எரிந்தால் ஸ்லீப்ஸ்டடி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பயாஸுக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும், ஏனென்றால் அங்கே பூட்டும் பாதுகாப்பையும் சேர்த்து இழக்கிறீர்கள்.